தங்கச்சி வீடு இருந்த இடம்

நோன்பு மாதத்தில் ஒரு பிற்பகல். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் வாப்பாவின் தலை என் தோளில் சாய்ந்த கனம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. காரைக்கால்காரர்களான எங்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் புதுச்சேரிதான். அங்கே டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சட்டை நனைய வேர்த்திருந்தார், பேச்சு குழறியது. சர்க்கரை வியாதிக்காரர், விடியலுக்கு முன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பிடிவாதமாக நோன்பும் வைத்திருந்தார். நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பை விட மார்க்கம் அனுமதி கொடுத்திருக்கிறது. அவர் இரண்டுமாக இருந்தார். ஆனால் யார் சொல்லிக் கேட்டார்?

கண்டக்டர் சாலையோர வீடு ஒன்றின் எதிரில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். பஸ்ஸில் வந்தவர்கள் வாப்பாவைத் தூக்கிப்போய் அங்கிருந்த கட்டிலில் கிடத்தினார்கள். நான் கதறியதைக் கேட்டு அந்த வீட்டு அம்மா சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு ஓடிவந்தார். வாப்பா வாயை இறுக்கிக்கொண்டார். சவூதியில் கூடவே இருந்தவனிடம் ஏமாந்து ஊர் திரும்பியதிலிருந்து வெளியாள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கமாட்டார். அன்றைக்கு நோன்பு வேறு. "பாங்கு சொல்லட்டும், நோன்பு தொறக்கிறேன்" என்று முனகினார். அதற்குள் போய்விடுவார் என்று நான் அழுதபடி நின்றேன்.

"பாய், எனக்காக வேணாம். ஒங்க பொண்ணு நிக்கிற நெலயப் பாருங்க. குடிங்கங்கிறேன்ல!" என்று அந்த அம்மா ஒரு அதட்டல் போட்டார். வாப்பா குடித்தார்.

அடுத்த வருடத்திலிருந்து நோன்புதோறும் ஒரு நாள் தூக்குவாளியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவைப் பார்க்க 'தங்கச்சி வீட்டு'க்குக் கிளம்பிவிடுவார். அக்கம்பக்கத்துக்கு நோன்புக் கஞ்சி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். அதை பஸ் ஏற்றிக் கொண்டுபோனவர் இவர் ஒருவர்தான். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் நின்று பேச ஆரம்பித்தார். "ஊரெல்லாம் சொந்தமாயிட்டாங்க, நாமதான் இவருக்கு யாரோ" என்று உம்மா கேலி செய்வார்.

பிறகு நாலுவழிச் சாலை வந்தது. ஒரு நோன்பில் வாப்பா வாளியைத் திறக்காமலே திரும்பி வந்தார். அந்த வரிசை வீடுகளே இல்லை என்றார். "எங்க போனாங்கன்னு விசாரிக்கலியா?" என்றேன்.

"விசாரிச்சேன். பேரு என்னான்னு கேட்டாங்க. தங்கச்சின்னுதாம்மா எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியவில்லை. உயிரைக் காப்பாற்றியவரின் பெயரைக் கேட்க அத்தனை வருடத்தில் எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

இப்போது வாப்பாவைக் காரில்தான் அழைத்துப்போகிறேன். புதிய சாலையில் புதுச்சேரி சீக்கிரம் வந்துவிடுகிறது. அந்த வசதியை அனுபவிக்கிறேன், அனுபவிக்கும்போதே கூசுகிறது. வீடு எந்த இடத்தில் இருந்தது என்று எனக்குப் பிடிபடுவதில்லை. எல்லா இடமும் ஒரே தாராகக் கிடக்கிறது. வாப்பாவுக்கு மட்டும் தெரிகிறது. கொள்ளிடம் பக்கம் வந்ததும் குனிந்து, காலில் இருக்கும் செருப்பைக் கழற்றி வைக்கிறார்.