பம்பரம் ஏற்றிய ராக்கெட்

பல்செட்டு செய்யும் லேபில் அவளை எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஆறு பேருக்கு ஆறு மேசை. ஐந்து பேர் உட்கார்ந்து வேலை செய்வார்கள், இவள் நின்றுகொண்டு செய்வாள். வேலை சுத்தமான வேலை. ஆனால் ஒரு செட்டு முடிந்து அடுத்ததை எடுப்பதற்குள் ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள், யாரோ குடித்து வைத்த டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பாள்.

வீட்டிலும் இதே கதைதான். மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு வீட்டு வேலை பாதியாகக் குறைந்தது. அவள் கால்களுக்கு அது உறைக்கவில்லை. கணவர் தெருமுனையில் சலூன் வைத்திருந்தார். நாள் முழுக்க நின்று முடிவெட்டிவிட்டு வந்து சோபாவில் சாய்கிறவர்.

"கொஞ்சம் உட்காரேன். உன்னைப் பார்த்தாலே எனக்குக் கால் வலிக்குது."

"நீங்க உட்கார்ந்திருக்கீங்கல்ல, ஒருத்தர் உட்கார்ந்தா போதும்."

வருடக் கடைசியில், லேபுக்குப் பொருள் போடுகிற கம்பெனி பரிசுகள் அனுப்பியது. பிளாஸ்க், குடை, சாப்பாட்டு டப்பா எல்லாம் பறந்துவிட்டன. இவள் மாடியில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது மிச்சமிருந்தது ஒரு பொம்மை ராக்கெட் பெட்டி. உள்ளே ஓர் அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, மரத்தகட்டில் மூன்று இறக்கை, தாள் போல ஒரு பாராசூட், விரல் பருமனில் மருந்து அடைத்த மோட்டார். சாப்பாட்டு மேசையில் பரப்பி, அன்று சாயங்காலமே ஒட்டி முடித்தாள்.

ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ராக்கெட் விடுகிற சங்கம் கூடும் என்று விசாரித்துப் போனாள். அங்கே சிவப்புக் கொடி பிடித்து நின்ற பெரியவரிடம் கேட்காமல் ஒரு குச்சியைக்கூடக் கொளுத்த முடியாது. கொடிக்காரர் பார்த்துத் தலையாட்டினார். ராக்கெட் சீறிக்கொண்டு ஏறியது, ஒரு தென்னை உயரத்துக்கு நாலைந்து மடங்கு போயிருக்கும். பாராசூட் விரிந்து கைக்கெட்டும் தூரத்தில் வந்து இறங்கியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அவளுக்கு மட்டும் சப்பென்று இருந்தது. "அவ்வளவுதானா?" என்றாள்.

"இந்தப் பெட்டிக்கு அவ்வளவுதாம்மா" என்றார் கொடிக்காரர்.

அந்த வார்த்தை மண்டைக்குள் நுழைந்துகொண்டது. அடுத்த வாரமே அதே அட்டைக் குழாயின் அடிப்பக்கத்தை அகலப்படுத்திப் பெரிய மோட்டாரைப் பொருத்தி எடுத்துப் போனாள். கொடிக்காரர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஏற்றியும் விட்டாள். கிளம்பிய வேகத்தில் மூன்று இறக்கைகளும் பிய்த்துக்கொண்டு போயின. வாலில்லாத ராக்கெட் பாம்பு போல நெளிந்து, நிறுத்தியிருந்த கார்களுக்குப் பக்கத்தில் வந்து மண்ணில் குத்தியது. யாருக்கும் அடியில்லை. கொடிக்காரரின் முகம் மட்டும் கொடியைவிடச் சிவந்திருந்தது.

"உங்க அவசரத்துக்கு அடுத்தவங்க தலையா கிடைச்சது? இனிமே என் கையில கொடுத்துக் காட்டாம ஒண்ணும் ஏத்தக் கூடாது. புரியுதா?"

"புரியுது" என்றாள். கார்ப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

அதன் பிறகு கேட்டுக் கேட்டுச் செய்தாள். கொடிக்காரரும் கோபத்தை இழுத்துக்கொண்டே போகவில்லை. கெட்டியான குழாய் மாற்றச் சொன்னார். இறக்கைகளை வெளிப்புறத்தில் ஒட்டாமல், குழாயில் பிளவு போட்டு உள்ளே மோட்டார் கூடுவரை செருகிப் பசை வைக்கச் சொன்னார். உயரம் போகப் போக வெளிக்காற்று மெலியும், உள்ளே அடைபட்ட காற்று மூக்கைத் தள்ளிவிடும், அதனால் பக்கத்தில் ஒரு சின்னத் துளை வேண்டும் என்றார். பெட்டியில் வந்ததில் கடைசியில் மிஞ்சியது மூக்கு மட்டும்தான். அதற்குள்ளும் எடைக்கு ஈயக் குண்டுகளை வைத்து ஒட்டினாள்.

எடை சரிதானா என்று பார்க்க ராக்கெட்டின் நடுவில் கயிறு கட்டித் தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். மூக்கு முன்னால் பார்த்துக்கொண்டு சுற்றினால் ஒழுங்காகப் பறக்கும். வாசலில் இடமில்லை என்று கூடத்திலேயே சுழற்றினாள். மூக்கு முன்னால்தான் பார்த்தது. மூன்றாவது சுற்றில் விளக்கையும் பார்த்துவிட்டது.

"கண்ணாடிச் சில்லெல்லாம் என் டீயில விழுந்திருக்கு" என்றார் கணவர், அசையாமல்.

"அசையாதீங்க, பெருக்கிடறேன். ஆனா பார்த்தீங்களா, நேரா போச்சு!"

இந்த நினைப்பிலேயே லேபுக்கும் போய்க்கொண்டிருந்தாள். கை பல்லைத் தேய்க்கும், மனசு இறக்கையின் ஓரத்தைத் தேய்க்கும். ஒரு நாள் ஒரு பெரியம்மாவின் செட்டு திரும்பி வந்தது. கடிக்கும் உயரம் கூடிப்போய், போட்டுக்கொண்டு ஒரு வாரமாக அந்த அம்மாள் கஞ்சி மட்டும் குடித்திருக்கிறார். ஈறு முழுக்கப் புண்.

முதலாளி சத்தம் போடவில்லை. செட்டை அவள் மேசையில் வைத்துவிட்டு, "உன் மேசையிலிருந்து இது வரும்னு நான் நினைக்கல" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. புதுச் செட்டை அன்றே செய்து, தானே அந்த அம்மாளின் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அந்த அம்மாள் போட்டுப் பார்த்து, "இது வலிக்கல" என்றார். படியிறங்கும்போது இவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து ராக்கெட்டைப் பரணில் தூக்கிப் போட்டாள். அதற்குப் பிறகுதான் கணவருக்கு உண்மையான சோதனை. திரைச்சீலைகளைத் துவைத்தாள், காய்ந்ததும் மறுபடி துவைத்தாள். படுக்கையறைக்குப் பெயின்ட் அடித்தாள், நிறம் பிடிக்கவில்லை என்று அதன் மேலேயே இன்னொரு நிறம் அடித்தாள். ஒரு ஞாயிறு அவள் அவருடைய சலூனுக்கே வந்து சீப்புகளை அளவு வாரியாக அடுக்கத் தொடங்கியபோது அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"அம்மா தாயே, போய் அந்த ராக்கெட்டை எடு. லேப்ல இருக்கும்போது பல்லை நினை, வீட்டுல இருக்கும்போது அதை நினை. ரெண்டும் இல்லாம நீ இருந்தா வீடு தாங்காது."

எடுத்தாள். மூக்குக்குக் கீழே உயரம் பதிகிற ஒரு சின்னக் கருவியையும் பொருத்தினாள். எவ்வளவு உயரம் போனதோ அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இலக்கத்தையும் பீப் பீப் என்று எண்ணிக்கையாகச் சொல்லும். குழாயின் மேல், சங்கத்து விதிப்படி, போன் நம்பரை எழுதினாள்.

ஏற்றுகிற நாளில் காற்று. கொடிக்காரர் காலையிலிருந்து காக்க வைத்தார். ராக்கெட்டை மாட்டியிருந்த கம்பத்துக்கும் நிறுத்தியிருந்த கார்களுக்கும் அவள் நடந்த நடையில் புல்லில் தடமே விழுந்துவிட்டது. பாராசூட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தார்.

"இது ரொம்பப் பெருசு. மேல காத்து வேற மாதிரி இருக்கும். தூக்கிட்டுப் போயிடும்."

"சின்னது போட்டா வேகமா விழுந்து இறக்கை உடைஞ்சிடும். எவ்வளவு பாடுபட்டு மெருகேத்தியிருக்கேன்."

"யாருக்கும் ஆபத்தில்ல, அதனால விடறேன். பொருள் உங்களுது."

மதியத்துக்கு மேல் காற்று அடங்கியது. பட்டனை அழுத்தினாள். சத்தம் காதில் விழுவதற்குள் ராக்கெட் கம்பத்தில் இல்லை. ஒரு வெள்ளைக் கோடு, பிறகு அதுவும் இல்லை. எல்லோரும் கண்ணுக்குக் கைவைத்து அண்ணாந்து நின்றார்கள். வெகுநேரம் கழித்து யாரோ "அதோ!" என்றார்கள். குண்டூசித் தலை அளவில் பாராசூட், ஏரிக் கரையைத் தாண்டி, சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. போயே விட்டது.

உயரம் எவ்வளவு என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் கருவி. அது காணாமல் போன ராக்கெட்டில் இருந்தது. அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ஞாயிறுதோறும் கணவரையும் இழுத்துக்கொண்டு வயல்களிலும் புதர்களிலும் தேடினாள். "இன்னும் அந்த மரத்தடி பாக்கி" என்பாள். அந்த மரத்தடிக்குப் பின்னால் இன்னொரு மரம் இருக்கும். மழை வந்தது. தேடலை நிறுத்தினார்கள், அவள் மட்டும் பஸ்ஸில் போகும்போதும் வெளியே பார்த்துக்கொண்டு போனாள்.

போன் வந்தபோது அவள் லேபில் ஒரு செட்டின் கடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் குரல்: "குழாய் மாதிரி ஒண்ணு கிடக்குது, இந்த நம்பர் எழுதியிருக்கு. வெடிக்குமா?"

"வெடிக்காதுங்க! வரேன்!" என்றவள் போனை வைத்துவிட்டு வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள். அந்தச் செட்டை முழுதாக முடித்து, இரண்டு முறை கடியைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள். போன் செய்தது ஆடு வளர்க்கிற ஒரு பெண். பட்டியின் பின்பக்கம் கிடந்ததாம். குழாய் மழையில் ஊறியிருந்தது, ஓர் இறக்கையை ஆடு கடித்துப் பார்த்திருந்தது. பாராசூட் தீவன மூட்டைக்குப் போர்வையாகியிருந்தது. கருவியின் பேட்டரி செத்துப்போயிருந்தது. கணவர் எதற்கும் இருக்கட்டும் என்று சலூன் ரேடியோவிலிருந்து கழற்றி வந்த பேட்டரியின் கம்பியைப் பிடித்து வைக்க, மூன்று பேரும் மூச்சை அடக்கினார்கள்.

ஒரு பீப். இடைவெளி. நாலு பீப். இடைவெளி. ஒன்று. பிறகு ஆறு.

"ஆயிரத்து நானூத்திப் பதினாறு மீட்டர்" என்றாள்.

"ஏழு" என்றார் கணவர்.

"ஆறுங்க! ஒண்ணு ஆட்டுச் சத்தம்."

மறுபடி கேட்டார்கள். ஆறுதான்.

ஆட்டுக்காரி வானத்தை ஒரு தடவை பார்த்தாள், குழாயை ஒரு தடவை பார்த்தாள். "அவ்ளோ தூரம் போயிட்டு எங்க பட்டியில வந்தா விழுந்துச்சு?" என்று சிரித்தாள். பம்பரமும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு கொடிக்காரர், புதிதாக வருகிறவர்களின் ராக்கெட்டுகளைப் பரிசோதிக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்துப் பார்த்தார். இரண்டு ஞாயிறு தாக்குப்பிடித்தாள். "அடுத்தவங்களுது ஏறுறதைப் பார்த்துக்கிட்டு நிக்க என்னால முடியாதுங்க" என்று கொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்போது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மோட்டார் வைத்து ஒரு ராக்கெட் செய்துகொண்டிருக்கிறாள். போன மாதம் மேல் மோட்டார் பற்றவில்லை. ஏன் என்று தெரியவில்லை. கணவர் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். மேசை முழுக்க அது பிரித்துப் போடப்பட்டிருக்கிறது.