பழைய பாலத்துக் கோடு

நோலீன் டகெட் ஒரு தாளைக் கையில் எடுத்தால் முதலில் மூலையைச் சுண்டுவாள், பிறகு உள்ளங்கையால் தடவுவாள். மில்லர்ஸ் க்ரீக் அச்சகத்தில் முப்பத்தோரு வருஷமாக மெஷின் ஓட்டுகிறவள். சர்ச் பாட்டுத்தாள், கால்பந்து கிளப் நோட்டீஸ் என்று அந்த ஊரில் அவள் கை படாத காகிதம் ஏது? ஆளைப் பார்த்தால் வாயில்லாப் பூச்சி. ஆனால் தாள் விஷயத்தில் முதலாளி கெவின்கூட அவளிடம் வாயைக் கொடுக்க மாட்டான்.

போன செப்டம்பரில் காட்டுத்தீக் கையேடு அடிக்க வந்தது. அறுநூறு வீட்டுக்கும் ஒன்று. நடுப்பக்கத்தில், தீ வந்தால் எந்தச் சாலையில் தப்பிப் போவது என்று வரைபடம். கெவின் வழவழப்புத் தாளில் அடிக்கலாம் என்றான். நோலீன் ஒரே பிடியாக நின்றாள். பூச்சு இல்லாத மறுசுழற்சித் தாள்தான் வேண்டும், ஃபிரிட்ஜில் மாட்டிவைக்கிற காகிதம், பக்கத்து வீட்டு நம்பரையும் மாட்டு டாக்டர் நம்பரையும் ஜனங்கள் அதில் எழுதிக்கொள்ள வேண்டும், வழவழப்பில் பேனா வழுக்கும், விரல் பட்டால் எழுத்து கலையும் என்றாள். நியாயமான பேச்சுத்தான்.

அந்தத் தாளுக்கு ஒரு குணம், மையைக் குடிக்கும். ஈரத்தில் பளிச்சென்று இருப்பது காய்ந்ததும் மங்கிவிடும். நோலீனுக்குத் தெரியாதா என்ன? இருந்தும் மறுநாள் காலை, முந்தின நாள் சோதனைக்கு ஓட்டிக் காயவைத்த தாள்களில் எழுத்து சோகை பிடித்தாற்போல் கிடந்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. தான் அடம்பிடித்து வாங்கிய தாளாயிற்றே! மையைக் கூட்டிவிட்டு அறுநூறையும் ஓட்டினாள். அட்டையை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். கன்னங்கரேலென்று அழகாக இருந்தது. நடுப்பக்கத்தைப் பார்க்கவில்லை. கௌரவம் யாரை விட்டது, சொல்லுங்கள்.

ஜனவரி அங்கே நடுக்கோடை. ஒரு நாள் நாற்பத்து நான்கு டிகிரி, அனலாக வீசும் வடக்குக் காற்று வேறு. காலையிலிருந்தே ரேடியோவில் எச்சரிக்கை. அச்சகத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். பால் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போன நோலீன் அப்படியே நின்றுவிட்டாள். கதவில் மாட்டியிருந்த வரைபடத்தில் பழைய பாலத்துச் சாலை முழுக்கோடாக இருந்தது. அது விட்டு விட்டு இருக்க வேண்டிய கோடு. வெள்ளத்தில் பாலம் போய் இரண்டு வருஷமாகிறது, அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். அவள் கூட்டிய மை பரவி, இடைவெளியை எல்லாம் அடைத்துவிட்டிருந்தது.

பழைய ஆட்கள்கூடப் பாலத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள் போல என்றுதானே நினைப்பார்கள்? அங்கே தடுப்பு இருக்கும்தான். ஆனால் அதுவரை போய்த் திரும்பிவர நெருப்பு நேரம் கொடுக்குமா? மலைமேல் அவளுடைய சிநேகிதி பெரில் இருந்தாள், எழுபது வயது, தனி ஆள், பட்டணத்திலிருந்து குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நோலீன் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கெவினுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"சும்மா பயந்து சாகாத நோலீன். நெருப்பு இந்தப் பக்கம் வராது. இதை வெளிய சொன்னா அப்புறம் எவன் நம்மகிட்ட அடிக்கக் கொடுப்பான்?"

போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தால், மலைக்குப் பின்னால் புகை.

உள்ளூர் ரேடியோ நிலையம் இரண்டு தெரு தள்ளி. ஓடினாள். அங்கிருந்தவர் தானே படித்துவிடுவதாகச் சொன்னார். அவள் ஒப்பவில்லை. காலையிலிருந்து அவர் படித்த எச்சரிக்கைகளோடு இதுவும் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும் என்று பயந்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பேரு நோலீன் டகெட். உங்க ஃபிரிட்ஜுல இருக்கற வரைபடத்தை நான்தான் அடிச்சேன். அதுல தப்பு இருக்கு, தப்பு என்னோடது. பழைய பாலத்துப் பக்கம் போகாதீங்க, அங்க பாலமே இல்ல. பேனாவ எடுத்து அந்தக் கோட்டை அடிச்சிடுங்க."

மூன்று தடவை சொன்னாள்.

மூன்று மணிக்கு நெருப்பு மலையைத் தாண்டியது. தப்பி வந்தவர்களை எல்லாம் கால்பந்து மைதானத்தில் சேர்த்தார்கள். நோலீன் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். தேடிய முகம் இல்லாதபோதெல்லாம் அடுத்த வண்டிக்கு ஓடினாள். யாரோ தேநீர் கொடுத்தார்கள், அது கையிலேயே ஆறிப்போனது.

நாலரைக்கு பெரிலின் பச்சை வண்டி வந்தது. மடியில் நாய், தலையெல்லாம் சாம்பல்.

"பாலத்து வழியாத்தான் கிளம்பினேன்மா, பாதி தூரம் போயிட்டேன். அப்பத்தான் ரேடியோல நீ பேசின. குரல் அப்படி நடுங்குச்சு பாரு, அதனாலதான் நம்பினேன்."

கையேட்டை எடுத்து நீட்டினாள். பழைய பாலத்துச் சாலைமேல் நீலப் பேனாவில் ஒரு பெரிய பெருக்கல் குறி. வியர்வைக் கை பட்டும் கலையவில்லை.

"நல்ல பேப்பர் போட்டிருக்க. பேனா அழகா எழுதுது."

நோலீன் கையேட்டை வாங்கி அந்தக் குறியைப் பார்த்தாள். இந்தத் தாளை அவள் சுண்டவுமில்லை, தடவவுமில்லை. அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தாள். மலைமேலிருந்து இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் வர வேண்டியிருந்தது.