பதினெட்டாம் நம்பர் அம்பு

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருஷமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன், நைட் ஷிஃப்ட்டில் தனியாக எத்தனையோ முறை கம்பெனியைப் பூட்டியிருக்கிறேன், ஒரு நாளும் ஒரு நிழலைக்கூடப் பார்த்துப் பயந்தது கிடையாது. அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

முதலில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் தொழிலில் தைத்து முடித்த துணி செக்கிங் டேபிளுக்கு வரும். அங்கே நிற்கும் பெண்கள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, எங்கே குறை இருக்கிறதோ அங்கே சிவப்பாக ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஓட்டையோ, தையல் விட்டதோ, எண்ணெய்க் கறையோ, அம்பு அதைக் காட்டும். ஒட்டியவருடைய நம்பரைப் பேனாவால் அதன்மேல் எழுத வேண்டும். குறையைச் சரிசெய்து துணி திரும்பி வந்ததும், ஒட்டியவரே பார்த்து, ஒட்டியவரே பிரிக்க வேண்டும். வேறு யாரும் கைவைக்கக் கூடாது. இது நானே போட்ட சட்டம், சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

தங்கமணி அக்கா பதினெட்டாம் நம்பர். சேவூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஐம்பது வயதிருக்கும். அவர் கண்ணிலிருந்து ஒரு குறை தப்பாது, சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும். எட்டு என்ற எண்ணை அவர் ஒரே சுழியாக எழுத மாட்டார். ஒரு வட்டம், அதன்மேல் இன்னொரு வட்டம், இரண்டும் ஒட்டாமல் நிற்கும். "ஏனுங்க்கா, எட்டு எழுதறீங்களா, வடை சுடறீங்களா?" என்று நான் கேலி செய்வேன். "எழுத்தா முக்கியமுங்க தம்பி, குத்தம் தெரிஞ்சாப் போதாதுங்களா?" என்பார்.

போன நவம்பரில் ஒரு ஷிப்மென்ட். சாயங்காலம் லாரி வாசலில் நிற்கிறது, இன்னும் பத்துப் பெட்டி பாக்கி. எனக்கு ஷெட்யூல் என்றால் ஷெட்யூல்தான், ஒரு மணி நேரம் பிந்தினாலும் தலை கொதிக்கும். நாலு மணிக்குத் தங்கமணி அக்கா என் ரூம் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"தம்பி, நெஞ்சு அடைக்கற மாதிரி இருக்குதுங்க. நான் ஊட்டுக்குப் போகட்டுங்களா?"

நான் தலை நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்கவில்லை. "இன்னிக்குப் போயி இப்படிச் சொல்றீங்களேக்கா. கேஸ் ட்ரபிளா இருக்குமுங்க. சோடா வாங்கியாரச் சொல்றேன். ரெண்டு மணி நேரம் பல்லக் கடிச்சுக்குங்க, லாரி போயிரட்டும்."

சோடா குடித்தார். ஆறரை வரைக்கும் நின்றபடியே செக்கிங் பார்த்தார். கடைசியில் அவர் அம்பு ஒட்டி ஒதுக்கிய பதினைந்து இருபது துணிகள் மிச்சமிருந்தன. சரிசெய்ய நேரமில்லை என்று நானே என் கையால் ஸ்டிக்கர்களைப் பிரித்தெறிந்துவிட்டுப் பெட்டியில் போடச் சொன்னேன். அக்கா பார்த்துக்கொண்டுதான் நின்றார். அன்று ராத்திரி சேவூரில் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் எழவுக்குப் போனேன். அவர் வீட்டுக்காரர் குப்புசாமி அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, கம்பெனில ஏதாச்சும் சொன்னாளுங்களா? நோவுது கீவுதுன்னு?" என்று கேட்டார். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. "இல்லீங்கண்ணா, சிரிச்சுப் பேசிட்டுத்தான் போனாங்க" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. வந்த பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை, எடுக்க எனக்குத் தைரியமும் இல்லை. என் ரூம் வாசலில் அவர் நின்றதை வேறு யாரும் பார்க்கவில்லை. என் மனைவி கவிதாவிடம்கூட நான் சொல்லவில்லை.

ஜனவரியில் போலந்து போனேன். எங்கள் துணியை வாங்கும் பையரோடு எட்டு நாள் மீட்டிங். ஊர்ப் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. பிப்ரவரி கடைசியில் கோயமுத்தூரில் ஃபுல் மாரத்தான், நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரு வருஷமாக அதற்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். சுகர் எட்டிப் பார்த்ததால் ஆரம்பித்தது, பிறகு வெறியாகிவிட்டது. கோச் கொடுத்த அட்டவணையில் ஒரு நாளைக்கூட நான் விட்டதில்லை, மச்சினன் கல்யாணத்தன்றுகூட முகூர்த்தத்துக்கு முன்னால் பதினாறு கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன். போலந்திலோ மைனஸ் எட்டு டிகிரி. விமானத்திலிருந்து இறங்கியதுமே மூக்குக்குள் முடி விறைத்துவிட்டது. ஹோட்டல் ட்ரெட்மில் ரிப்பேர். ஒரு நாள் மூன்றாவது மாடி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன், யாரோ கதவைத் திறந்து அவர்கள் பாஷையில் திட்டினார்கள். சரி என்று ஹோட்டலுக்குப் பக்கத்துக் கடையில் குளிருக்கு உள்ளே போடுகிற ஒரு கறுப்பு தெர்மல் சட்டை வாங்கினேன். இதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தச் சட்டை என் கம்பெனியைக் கண்ணால் பார்த்தது கிடையாது. உறை பிரிக்காமல் கடையில் வாங்கியது, பையருக்காகக் கொண்டுபோன சாம்பிள் பெட்டிக்குப் பக்கத்தில்கூட நான் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஓடுவதற்காக ஹோட்டலிலிருந்து இறங்கினேன். அங்கே விடிய ஏழே முக்கால் ஆகும், ஆறு மணி என்றால் நல்ல இருட்டு. தெர்மல், அதன்மேல் ஜாக்கெட், கழுத்து வரைக்கும் ஜிப், கைக்கு உறை வாங்க மறந்துபோய் இரண்டு சாக்ஸை மாட்டிக்கொண்டு எட்டு கிலோமீட்டர் ஓடினேன். ரூமுக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றினால் தெர்மலின் இடது மார்பில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருந்தது.

பயமெல்லாம் இல்லை. சாம்பிள் துணியிலிருந்து எப்படியோ ஒட்டியிருக்கிறது என்று பிரித்துக் குப்பையில் போட்டேன். நம்பரைப் பார்க்கக்கூட இல்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டு கிலோமீட்டர். திரும்பி வந்து ஜாக்கெட்டைக் கழற்றினேன். அதே இடத்தில் அதே மாதிரி. இந்த முறை கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பேனாவால் 18 என்று எழுதியிருந்தது. ஒரு வட்டம், அதன்மேல் ஒட்டாமல் இன்னொரு வட்டம்.

எங்கள் கம்பெனியில் அந்த நம்பரை அதற்குப் பிறகு யாரும் வாங்கவில்லை. கொடுத்தாலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து, பழைய ஸ்டிக்கர் ஏதோ என் பர்ஸிலோ பையிலோ கிடந்திருக்கும் என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். பர்ஸ், பை, பெட்டி எல்லாவற்றையும் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஸ்டிக்கரைப் பிரித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அன்று மீட்டிங்கில் பையர் என்ன பேசினார் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் முப்பது கிலோமீட்டர். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஷெட்யூல் என்றால் ஷெட்யூல், அந்தப் புத்தி நம்மை விடாதே. லைட்டைப் போட்டுத் தெர்மலை உள்ளும் புறமும் தடவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதன்பிறகுதான் போட்டுக்கொண்டு ஜிப்பை இழுத்தேன்.

ஆற்றோரமாக ஒரு நடைபாதை. பனி கொட்டி எல்லாம் மூடிக் கிடந்தது. விடிந்தும் விடியாத மாதிரி சாம்பலாக ஒரு வெளிச்சம், ஆள் நடமாட்டமே கிடையாது. என் மூச்சும் காலடியும் மட்டும்தான் கேட்டது. பதினான்காவது கிலோமீட்டர் தாண்டியிருப்பேன், என் இடது பக்கம் ஒரு சத்தம். சிக், சிக், சிக். நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்திரியின் சத்தம். இருபது வருஷமாகத் தினம் கேட்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? நான் வேகமாக ஓடினால் அதுவும் வேகமாக வெட்டுகிறது, நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக. திரும்பிப் பார்த்தேன், பனியைத் தவிர ஒன்றுமில்லை. முருகா முருகா என்று வாய் தன்னால் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

சத்தம் நின்றது. நானும் நின்றேன். அப்போது என் இடது மார்பில் ஒரு கட்டைவிரல் அழுத்தியது. ஜாக்கெட்டுக்கு மேலே இல்லை, உள்ளே. ஸ்டிக்கர் ஒட்டும்போது எங்கள் பெண்கள் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி ஒரு தேய் தேய்ப்பார்கள், அதே அழுத்து, அதே தேய். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள், அந்த நகம் பட்டதுகூட எனக்கு இன்னும் தெரிகிறது. சாக்ஸ் மாட்டிய கையோடு ஜிப்பைக் கிழிக்காத குறையாக இறக்கினேன். அம்பு இருந்தது. பதினெட்டு.

நடைபாதையிலேயே பனியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அட்டவணையை நான் பாதியில் விட்டது அன்றுதான். பதினான்கு கிலோமீட்டரும் நடந்தே திரும்பினேன்.

இந்த முறை நான் அதைப் பிரிக்கவில்லை. என் அறிவுக்கு எட்டியது ஒன்றுதான். அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே குறை. தங்கமணி அக்கா என் நெஞ்சில் ஏதோ அடைப்பு இருக்கிறது என்று காட்டுகிறார், அவருக்கு வந்தது எனக்கும் வரப்போகிறது, செத்தும் நல்லது செய்கிறார் என்று நினைத்தேன். ஊர் வந்ததும் நேராகக் கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் போய் இசிஜி, எக்கோ, ட்ரெட்மில் டெஸ்ட், ஸ்கேன் என்று இருந்ததையெல்லாம் எடுத்தேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "உங்க ஹார்ட்டுக்கு ஒரு குறையும் இல்லீங்க. தாராளமா மாரத்தான் ஓடுங்க."

காரில் திரும்பும்போது, கூட வந்திருந்த கவிதா சாமிக்கு நேர்ந்துகொண்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். ஆற்றோரத்தில்கூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. உடம்பில் குறை இல்லை என்றால் அவர் எதைக் காட்டுகிறார் என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

மறுநாள் சேவூர் போனேன். குப்புசாமி அண்ணன் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். நான் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சு அடைக்கிறது என்று அக்கா சொன்னது, வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டது, நான் சோடா கொடுத்து நிற்கவைத்தது, எழவு வீட்டில் பொய் சொன்னது. என் சட்டையில் வந்த ஸ்டிக்கரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் கையிலிருந்த சோளத்தட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"மூணு மாசமா அவ மேல கோவமா இருந்தனுங்க. நோவுன்னு ஒரு வார்த்த யாருகிட்டயும் சொல்லாம போயிட்டாளே, அத்தன நெஞ்சழுத்தக்காரியா நீயின்னு, போட்டாவப் பாத்து தெனமும் வஞ்சிருக்கறேன். ஒரு நாளு வௌக்குக்கூட ஏத்தலீங்க." அவர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். "சொல்லியிருக்கறாளே. பாவி, சொல்லித்தான இருக்கறா."

நான் காலில் விழப்போனேன். அவர் விலகிக்கொண்டார். "போயிட்டு வாங்க" என்றார், என்னைப் பார்க்காமல். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் வெளியே வரும்போது அவர் உள்ளே போய்ப் போட்டோவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "தெரியாமப் பேசிட்டேன் தங்கோ, தெரியாமப் பேசிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்தால் கவிதா அந்தத் தெர்மலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஏனுங்க, இதென்னங்க அதிசயமா இருக்குது? வெந்நித் தண்ணில மிஷின்ல போட்டு எடுத்திருக்கறேன், இந்த ஸ்டிக்கர் அப்படியே இருக்குதுங்க. பிரிச்சரட்டுங்களா?" காகித ஸ்டிக்கர் அது, ஈரக்கை பட்டாலே நைந்துபோகும். பேனா எழுத்துக்கூடக் கரையவில்லை. "தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் சட்டையைக் கீழே போட்டுவிட்டாள். பிறகுதான் அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

மாரத்தான் ஓடவில்லை. ஷூவை எடுத்து வைத்துவிட்டேன். கம்பெனியில் யாராவது தலைவலி என்று சொன்னால்கூட முதலில் வண்டி வைத்து வீட்டுக்கு அனுப்புகிறேன், லாரி நின்றால் நிற்கட்டும்.

சட்டை என் பீரோவில் தனியாக ஒரு தட்டில் கிடக்கிறது. அன்று சேவூர் போய்விட்டு வந்த மறுநாள் காலையில் திறந்து பார்த்தபோது ஸ்டிக்கரின் ஒரு ஓரம் மட்டும் மேலே எழும்பியிருந்தது. நகத்தால் கிளப்பினால் எப்படி எழும்புமோ அப்படி. சாவி என்னிடம்தான் இருக்கிறது. சரியாகிவிட்டது என்று தெரிந்தால் எங்கள் பெண்கள் அப்படித்தான் ஓரத்தைக் கிளப்பி ஒரே இழுப்பில் பிரித்துவிடுவார்கள். தங்கமணி அக்கா ஓரத்தைக் கிளப்பிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்.

மாசங்கள் ஓடிவிட்டன. தினமும் காலையில் எழுந்ததும் பீரோவைத் திறந்து பார்க்கிறேன். இன்று காலையிலும் பார்த்தேன். அந்த ஓரம் அவ்வளவுதான் எழும்பி நிற்கிறது, அதற்குமேல் ஒரு நூல் அளவுகூடப் பிரியவில்லை.