டாக்டருக்கு இரண்டு கொம்பு

பல் டாக்டரின் வரவேற்பறையில் ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று ரிசப்ஷன் அக்காவுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. காத்திருக்கும் பிள்ளைகளிடம் முதலில் பென்சிலைக் கொடுப்பாள். அவர்கள் கிறுக்கியதன் மேல் கட்டம் போட்ட மெல்லிய தாளை வைத்து, கோடு ஓடுகிற கட்டங்களுக்கெல்லாம் வண்ணம் அடிப்பாள்.

"ஒரு கட்டத்துக்குத் துணியில நூலால ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான் கிராஸ் ஸ்டிச். பெருக்கல் குறி போடத் தெரியும்ல?"

தெரியாது என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? ஊசியும் மொட்டை ஊசி, குத்தாது.

அன்றைக்கு வந்த வாண்டு, கன்னம் வீங்கியும் வாயைத் திறக்க மாட்டேன் என்று ஏற்கெனவே ஒரு தடவை வீடு திரும்பியவள். வாய்க்குத்தான் பூட்டு, கைக்கு இல்லை. வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, தலையில் இரண்டு கொம்பு என்று டாக்டரையே வரைந்து நீட்டினாள்.

அக்கா டாக்டரின் அறைக் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "இது ஆஸ்பத்திரியா, தையல் கடையா? இந்த மூலையைக் காலி பண்ணும்மா" என்று டாக்டர் போன வாரம்தான் முணுமுணுத்திருந்தார். கட்டம் போடும்போது கொம்பை மட்டும் நைசாக விட்டுவிட்டாள்.

வாண்டு தாளைப் பார்த்தாள். பல்லைக் கடித்தபடியே கேட்டாள்: "இது யாரு?"

"டாக்டர்தான்டி கண்ணு."

"இல்ல. இது யாரோ ஒரு மாமா."

வாண்டு ஊசியைத் தள்ளி வைத்துவிட்டாள். நீ வரைந்ததையே தைக்கலாம் என்று வாய் கிழியச் சொல்லிவிட்டு, நாமே கத்தரி போட்டால் எப்படி? நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று அக்கா கறுப்புப் பென்சிலை எடுத்து இரண்டு கொம்பையும் முளைக்க வைத்தாள்.

வாண்டு இரண்டாவது கொம்பின் நுனியைத் தைக்கும்போது துணிமேல் நிழல் விழுந்தது.

"யாரு, நானா?" என்றார் டாக்டர்.

"நீங்கதான் டாக்டர். கட்டம் போட்டது நான்" என்றாள் அக்கா, நிமிர்ந்தே.

டாக்டர் குனிந்து பார்த்தார். "கொம்பு ஏன் படிக்கட்டு மாதிரி இருக்கு? ஒழுங்கா வளைக்கத் தெரியலையா?"

"கட்டத்துல வளைவு அப்படித்தான் வரும்! உங்களுக்கு ஒண்ணுமே தெரியல!" வாண்டு வாயை முழுசாகத் திறந்து சண்டைக்கு வந்தாள்.

டாக்டர் மெல்ல மண்டியிட்டார். கை தானாகச் சட்டைப்பை டார்ச்சைத் தேடியது. "எனக்குக் காது மந்தம். இன்னும் நல்லாத் திறந்து சொல்லு."

அவள் சொன்னாள். அவர் பார்த்தார்.

"சரி, மிச்சத்தை உள்ள நாற்காலியில உட்கார்ந்து திட்டு. துணியையும் எடுத்துக்கோ." கதவருகே அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "அந்தத் தையல் மூலை அப்படியே இருக்கட்டும்மா."