புறாமலைக்கு ஒரு விடுமுறை

ஓகஸ்ட் மாதம் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் திருகோணமலைக்கு வெளியூர் வான் வண்டிகள் வரத் தொடங்கிவிடும். கூரையில் பாய்களும் ரப்பர் வளையங்களும் கட்டியிருக்கும். கந்தோர் வேலை முடிந்து நான் பஸ்ஸில் வரும்போது, அந்த வான்களுக்குள் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கடல் எங்கே என்று தேடுவது தெரியும். எங்கள் வீட்டில் யாரும் கடலைத் தேடுவதில்லை. அது ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது. என் பிள்ளைகள் அதைக் கவனிப்பதுகூட இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அதனால் போன வருட விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று என் கணவர் கேட்டபோது, நுவரெலியா என்று பதில் வரும் என எதிர்பார்த்தேன். பன்னிரண்டு வயது மகள் யோசிக்காமல் சொன்னாள்.

"புறாமலை."

நிலாவெளிக் கரையிலிருந்து பார்த்தால் தெரியும் சின்னத் தீவு அது. படகில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். பவளப்பாறைகளும் மீன்களும் பார்க்க உலகத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் நால்வரும் ஒருநாளும் போனதில்லை.

"அது பக்கத்திலதானே," என்றார் கணவர். "காலமை போனா மத்தியானம் வீட்ட வந்திடலாம். அதுக்கேன் விடுமுறை?"

"கொழும்பில இருந்து வாற ஆக்கள் எல்லாம் பாத்திட்டுப் போயினம். நாங்கள் இஞ்சயே இருக்கிறம், பாக்கேல்ல," என்றாள் மகள்.

ஏழு வயது மகன் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டான். "வீட்ட வந்து படுத்தா அது விடுமுறை இல்ல. வேற கட்டில்ல படுக்கவேணும்."

அப்படித்தான் நிலாவெளியில் கடற்கரையோரம் ஓர் அறை எடுத்து இரண்டு இரவு தங்குவதென்று முடிவாயிற்று. எங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியாலத்தில் போகக்கூடிய இடத்தில் கட்டில் வாடகைக்கு எடுப்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் கதிரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் வேலை பிரித்தாள். அப்பா அவளோடு ஆழத்துக்கு வருவார். தம்பி ஆழமில்லாத இடத்தில் நின்று மீன் பார்ப்பான்.

"அம்மா கரையில இருந்து உடுப்புப் பையளைப் பாத்துக்கொள்ளுவா."

அதை அவள் குத்திச் சொல்லவில்லை. வானம் நீலம் என்பதைப்போலச் சொன்னாள். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நானும் ஓம் என்றுதான் சொன்னேன். பிறகு குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவும்போது, அந்த ஓம் எனக்குப் பிடிக்காமல் போனது.

நான் சல்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவள். அப்பா கடலுக்குப் போனவர். எங்களுக்குக் கடல் என்பது அவர் வேலைக்குப் போகும் இடம். அங்கே விளையாடப் போவதென்பது யாருக்கும் தோன்றியதில்லை. பெண்பிள்ளைகள் ஈரமணலில் நின்று படகு வருகிறதா என்று பார்ப்போம், மீன்களைத் தெரிந்து பிரிப்போம், கால் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். பிறகு, எனக்கு மகளின் வயது இருக்கும்போது, ஒரு மார்கழிக் காலையில் கடல் வீடுகளுக்குள் வந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் தப்பினோம். பக்கத்து வீட்டில் அப்படியில்லை. அதைப்பற்றி நாங்கள் கதைப்பதில்லை. அதன் பிறகு முழங்காலுக்கு மேல் உப்புத்தண்ணீர் பட்ட நினைவு எனக்கு இல்லை.

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். "எனக்கு மிதக்கப் பழக்குங்கோ."

அவர் தம்பலகாமத்து வயற்காரக் குடும்பத்தில் பிறந்தவர். கடலை முதன்முதல் கிட்டப் பார்த்தபோது அவருக்குப் பத்து வயது. ஆனால் நடக்கப் பழகிய கையோடு குளத்தில் நீந்தப் பழகியவர். "கடல்ல வேண்டாம், எங்கட குளத்தில பழகலாம்," என்றார். ஏன் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளிடம் என் அக்காவின் கடையில் வேலை என்று ஏதோ சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் தம்பலகாமம் போனோம். அவருடைய அக்கா, என் மச்சாள், குளக்கரையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டில் போடும் சோட்டியோடு தண்ணீரில் இறங்கி நடுங்குவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கடற்கரைப் பொம்பிளைக்கு நீந்தத் தெரியாதோ? கேள்விப்பட்டதே இல்ல!"

"நீங்கள் குளத்துக்கு யானை வருதோ எண்டு பாருங்கோ அக்கா," என்றார் கணவர்.

அவர் என் முதுகுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டார். "தலையை விடும். கழுத்தை இறுக்கிப் பிடிக்காதையும். பாரத்தைத் தண்ணிக்குக் குடும்."

குடுக்க ஏலவில்லை. தாழ்வதற்கு நான் பயப்படவில்லை என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. காலடியில் நிலம் இல்லாமல் போகும் அந்த ஒரு நொடிதான் பயம். காலை எடுத்ததும் உடம்பு முழுக்கக் கல்லாகிவிடும். தண்ணீரைக் குடித்து, இருமி, அவர் தோளில் நகம் பதியப் பிடித்துக்கொள்வேன். முதல்நாள் அழுதுவிட்டேன். மச்சாள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, வேறு பக்கம் திரும்பி ஒரே சாரத்தைத் திரும்பத் திரும்பத் தோய்த்தார்.

ஆனாலும் அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும் போனேன். ஒருநாள் காதுகள் தண்ணீருக்குள் போனபோது வெளிச்சத்தம் எல்லாம் நின்று, என் மூச்சு மட்டும் கேட்டது. அப்பா நினைவுக்கு வந்தார். அவருக்கு நீந்தத் தெரியுமா என்று நான் கேட்டதே இல்லை. இத்தனை வருடம் ஆழக்கடலில் வேலை செய்த மனிதரிடம் அதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது கேட்பதற்கு அவரும் இல்லை. அதை யோசித்துக்கொண்டிருந்தபோது கணவரின் முகம் எனக்குத் தூரத்தில் தெரிந்தது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். என் முதுகுக்குக் கீழே கை இல்லை.

புறாமலைக்குப் போன காலை கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அமைதியாக இருந்தது. படகோட்டி எல்லோருக்கும் லைஃப் ஜக்கெற் கட்டிவிட்டார். தீவின் கரை முழுவதும் உடைந்த பவளத்துண்டுகள், வெறுங்காலில் நடக்க முடியவில்லை. மகள் கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் மாட்டிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்துத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். சுறாக்குட்டி பார்க்காமல் வரமாட்டேன் என்பது அவளுடைய சபதம்.

மகனுக்குக் கண்ணாடியை நான் மாட்டிவிட்டேன். முகத்தை ஒருதரம் தண்ணீரில் வைத்தான். உடனே எழும்பி எல்லாவற்றையும் கழற்றி எறிந்தான்.

"மூச்சு விட ஏலாது! எனக்கு வேண்டாம்!"

"சரி, வேண்டாம்," என்றேன்.

"அக்கா சிரிப்பா."

"சிரிக்கட்டும். எனக்கும் பயம்தான்."

அவன் நம்பவில்லை. "நீங்கள் பெரிய ஆள்."

"பெரிய ஆக்களுக்கும் பயம் வரும் ராசா. நான் குளத்தில அழுதனான், தெரியுமோ?"

குளத்துக் கதை முழுவதையும் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அவனுக்குச் சொன்னேன். மச்சாள் சிரித்ததைச் சொன்னபோது அவனும் சிரித்தான். பிறகு, "அப்ப இப்ப மிதந்து காட்டுங்கோ," என்றான்.

கண்ணாடியை நானே மாட்டிக்கொண்டேன். அவன் என் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தைக் கவிழ்த்து, காலை எடுத்தேன். அந்த நொடி வந்தது, போனது. கீழே மஞ்சளும் ஊதாவும் பழுப்புமாகப் பாறை. அதற்கிடையில் ஒரு கிளிமீன், அவசரமே இல்லாமல், பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. எத்தனை கிளிமீன் செதில் சுரண்டியிருப்பேன்! அதன் நீலம் இத்தனை நீலம் என்று சட்டியில் தெரிந்ததே இல்லை.

நிமிர்ந்து அவனிடம் சொன்னேன். "கிளிமீன் ஒண்டு. அங்கால ஓரா, கூட்டமா வருது."

"எங்கட வீட்டில குழம்பு வைக்கிற ஓராவோ?"

"ஓம், அதேதான்."

"உயிரோடயோ?"

"உயிரோட."

"என்ன செய்யுது?"

திரும்பக் கவிழ்ந்து பார்த்தேன். "பாசி தின்னுது. எல்லாம் ஒரே பக்கம் திரும்புது. இப்ப மற்றப் பக்கம்."

இப்படியே நெடுநேரம் போனது. நான் பார்ப்பேன், நிமிர்ந்து சொல்வேன், அவன் அடுத்ததைக் கேட்பான். கண்ணாடியை மட்டும் கடைசிவரை அவன் வாங்கவே இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவனைப் பொறுத்தவரை அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

மகள் திரும்பி வந்தபோது வாய் நிறையச் சுறாக் கதையோடு வந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என் தலையைப் பார்த்தாள்.

"அம்மா, உங்கட தலைமயிர் நனைஞ்சிருக்கு!"

"அம்மா மிதந்தவா," என்றான் மகன், தான் பழக்கியதுபோல.

அவள் என் நனைந்த தலைமயிரைத் தொட்டுப் பார்த்தாள். சந்தோசம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. படகில் ஏறும்போது மெல்லக் கேட்டாள். "ஏன் எனக்குச் சொல்லேல்ல? நானும் வந்து பழக்கியிருப்பன்தானே." அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போனது தவறோ என்று அப்போதுதான் யோசித்தேன். நான் அழுவதை அவள் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அவளுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு அறைக்காரர் பொரித்த மீன் கொண்டுவந்தார். மகன் தட்டைத் தள்ளி வைத்தான். "மீன் வேண்டாம். இண்டைக்குப் பருப்பே காணும்." நான் சாப்பிட்டேன். பசி.

மறுநாள் விடிய எல்லோரும் உறங்கும்போது எழுந்து தனியாகக் கரைக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீர்வரை நடந்து நின்றேன். மிதக்கவில்லை, சும்மா நின்றேன். கரையில் ஆட்கள் வரிசையாக நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் கையை வீசிக் கத்தினார்.

"அக்கா, அங்கால போங்கோ! வலை வருது!"

அவருடைய வேலைக்குக் குறுக்கே நிற்கிறேன் என்பது உறைக்க, வெட்கமாகப் போனது. அவசரமாக விலகினேன். அப்படி விலகும்போதே, கடலுக்குப் போனவரின் மகள் நான் என்பதை நினைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது. வலை கரையேறும்வரை நின்று பார்த்தேன். பெரிதாக ஒன்றும் விழவில்லை, கொஞ்சம் சின்னச் சூடை மீன்தான். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஈரச் சோட்டியைப் பிழிந்துகொண்டு, பிள்ளைகளை எழுப்பப் போனேன்.