சுலைஹா விற்ற முப்பாட்டன்

மட்டாஞ்சேரியில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்களில், பொருள் வாங்க வந்தவரையே நக்கலடித்து அனுப்புகிற ஒரே ஆள் சுலைஹாதான். வெண்கல விளக்கை விலை கேட்டால், மின்சாரம் இல்லாத வீடா என்று கேட்பாள். திசைகாட்டி கேட்டு வந்தவனிடம், கடைக்கு வருகிற வழியையே மூன்று பேரிடம் கேட்டுத்தானே வந்தாய் என்பாள். அவள் கணவன் மொய்து இருந்தவரைக்கும் பின்னாலேயே நின்று சிரித்துச் சமாளித்து வியாபாரத்தை முடித்துவிடுவான். அவன் மாரடைப்பில் போனபிறகு சமாளிக்க ஆளில்லை. ஆனாலும் கடை ஓடியது. திட்டு வாங்கிக்கொண்டே பொருள் வாங்குவதில் ஜனங்களுக்கு ஒரு சுகம் இருக்கிறது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வெள்ளைக்காரர்களிடம் கைகால் எல்லாம் சேர்த்துப் பேசுகிற ஓர் இங்கிலீஷ். மூன்றிலும் அவளுக்கு இளக்காரம் நன்றாக வரும்.

அந்த இளக்காரத்தை அவள் அதிகமாகச் செலவழித்தது ஒரு பெட்டி தபால் அட்டைகளின்மேல். கீழ்க்கரை சுவிசேஷ உதவிச் சங்கம் என்று ஒன்று. அவள் கடை இருக்கும் கட்டடமே அந்தச் சங்கத்துக்குச் சொந்தம். எப்போதோ அவர்கள் ஆபீஸைச் சுத்தம் செய்தபோது கரையான் அரித்த அலமாரி ஒன்றை எடைக்குப் போட்டு மொய்துவின் தலையில் கட்டினார்கள். அதற்குள் கிடந்தது அந்தப் பெட்டி. சங்கத்தின் ஆரம்பகாலத் தலைவர்கள், ஆளுக்கு ஓர் அட்டை. எல்லாருக்கும் தாடி, எல்லாருக்கும் சாய்வு நாற்காலி, மடியில் பைபிள், காலடியில் நாய். பின்னால் நம் ஊர்ப் பிள்ளைகள், புதுச்சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல் வரிசையாக. அட்டையின் பின்புறம், பசித்த பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று அச்சடித்திருந்தது.

“இதிலெ பசிச்ச பிள்ளை ஏது? நாய்கூட தின்னு கொழுத்துக் கிடக்கு” என்பாள் சுலைஹா, வருகிறவர்களிடமெல்லாம். தலைவர்கள் சீமைக்குப் படம் அனுப்பிப் பணம் வரவழைத்து, அந்தப் பணத்தில் நாற்காலி வாங்கி, அதில் உட்கார்ந்து மறுபடி படம் எடுத்தார்கள் என்பது அவள் முடிவு. அது முழுக்கப் பொய்யும் இல்லை.

அட்டையை அட்டையாக வாங்குகிறவர்கள் குறைவு. அதற்கு அந்தத் தெருவில் ஒரு வழி உண்டு. உடைந்த கண்ணாடிகளின் முட்டை வடிவச் சட்டங்கள் எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கும். பழைய படத்தை அந்த அளவுக்கு வெட்டி உள்ளே பொருத்திவிட்டால் யாரோ ஒருவருடைய முப்பாட்டன் தயார். பெயர் போகும், நாற்காலி போகும், பிள்ளைகள் போவார்கள். தாடியும் கண்ணும் மட்டும் மிஞ்சும். பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் அதை வாங்கி வரவேற்பறையில் மாட்டி, எங்கள் குடும்பத்துப் பெரியவர் என்று விருந்தாளிகளிடம் அளப்பார்கள். சுலைஹா அப்படி எத்தனையோ குடும்பங்களுக்கு மூதாதையரை விற்றிருக்கிறாள். வாங்குகிறவர்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தும் இருக்கிறாள்.

இந்த நிலையில்தான் சங்கத்துக்கு ஆண்டுவிழா வந்தது. செயலாளர் ஈப்பன் சார் கடைப்படி ஏறினார். வெள்ளை முழுக்கை, பாக்கெட்டில் இரண்டு பேனா, பேச்சில் பாதி பிரார்த்தனை. தலைவர்களின் படங்களை ஹாலில் வரிசையாக மாட்டப்போகிறார்களாம். அவர்களில் பலரின் அட்டைகள் சுலைஹாவின் பெட்டியில் இருப்பதாகக் கேள்விப்பட்டாராம். எல்லாவற்றையும்விட முக்கியம் ஸ்தாபகர் ஆப்னர் கிரெயில் பாதிரி. அவர் படம் சங்கத்தில் ஒன்றுகூட இல்லை.

உங்கள் அலமாரியில்தான் கிடந்தார், நீங்கள்தான் எடைக்குப் போட்டீர்கள் என்றாள் சுலைஹா. ஈப்பன் சார் அது காதில் விழாதவர்போல, தம் பையிலிருந்த அடுத்த விஷயத்துக்குப் போனார். கடை அறையின் ஒப்பந்தம் முடிகிறது. விழாவுக்கு வருகிறவர்களுக்காக அந்த அறையை எடுத்துக்கொள்ளலாம் என்று கமிட்டியில் ஒரு பேச்சு இருக்கிறது. ஸ்தாபகர் கிடைத்தால், கிடைக்கச் செய்தவரை எப்படி வெளியே அனுப்ப முடியும்? இதை அவர் தேன் தடவித்தான் சொன்னார்.  அந்தக் கடையை விட்டால் சுலைஹாவுக்கு வேறு எதுவும் தெரியாது. மொய்து உட்கார்ந்த இடமும் அதுதான்.

ஸ்தாபகர் எங்கே என்று அவளுக்குத் தெரியும். பக்கத்துச் சுள்ளிக்கல்லில், ரமேஷ்பாபுவின் ஹோம்ஸ்டேயில், முட்டைச் சட்டத்துக்குள் முப்பாட்டனாக இருந்தார். ரமேஷ்பாபு தேனிப் பக்கத்து ஆள். டைல்ஸ் ஒட்ட வந்து, காண்டிராக்டராகி, பிறகு பழைய பங்களா ஒன்றை எடுத்து விடுதி நடத்துகிறவன். அவனுக்குப் படத்தை விற்ற அன்று சுலைஹா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கறுத்த ரமேஷ்பாபுவுக்கு வெளுத்த முப்பாட்டன்.

மறுநாள் காலையில் சுள்ளிக்கல்லுக்குப் போனாள். ரமேஷ்பாபு இல்லை. அவன் மனைவி மகாதான் சாயா கொடுத்து உட்காரவைத்தாள். படத்தைப் பார்த்ததும் சுலைஹாவுக்குச் சிரிப்பு முட்டியது. ஆப்னர் கிரெயில் பாதிரியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். சட்டத்தைச் சுற்றி மல்லிகைச் சரம். கீழே ஒரு சிறிய விளக்கு. அமாவாசைக்கு அமாவாசை அவருக்குச் சோறு படைக்கிறார்கள் என்று தெரிந்தபோது சாயா புரையேறியது. செத்தவர் படம் சுவரில் இருந்தால் பூ வைக்காமல் எப்படி இருப்பது என்று முதலில் பூ வைத்தாளாம் மகா. பூ வைத்தபிறகு வெறும் வயிற்றோடு எப்படி விடுவது என்று சோறு. அதற்குப் பிறகு மகள் மாளவிகா மஞ்சள்காமாலையில் கிடந்து பிழைத்தாள். இவர்தான் காப்பாற்றினார் என்று மகா நம்பினாள்.

அவர் வெள்ளைக்காரப் பாதிரி, உங்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, சங்கத்துக்காரர்கள் தேடுகிறார்கள், அவரைக் கொடுக்காவிட்டால் என் கடை போய்விடும் என்று சுலைஹா எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். மகா அதிரவில்லை.

“யாரா இருந்தா என்னக்கா. எங்க மாமனாரு அப்பாவுக்கு ஒரு படம் இருந்ததில்ல. இவருக்கு ஒரு வீடு இருந்ததில்ல” என்றாள்.

ஆனால் கடை போய்விடும் என்றதும் எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றினாள். சரத்தை எடுத்தாள். முந்தானையால் கண்ணாடியை, சந்தனம் இருந்த இடத்தையும் சேர்த்து நிதானமாகத் துடைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சுலைஹாவுக்கு அது பொறுக்கவில்லை. முட்டாள்தனம்தான். ஆனால் எடைக்குப் போட்டுவிட்டு விழாவுக்குத் தேடுகிற அந்த ஈப்பனுக்கு, இவள் கையிலிருந்து பிடுங்கிக் கொடுப்பதா?

“மாட்டு மகா. நான் வேற வழி பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, பாதிச் சாயாவோடு எழுந்து வந்துவிட்டாள்.

வழி கடையிலேயே இருந்தது. கொழும்பிலிருந்த பிராந்திக் கம்பெனி ஒன்றின் பழைய விளம்பர அட்டை. அதில் ஒரு துரை தாடியும் தொப்பையுமாகக் கிளாஸைத் தூக்கிப் பிடித்திருந்தார். சங்கமோ மதுவை அடியோடு வெறுக்கிற சங்கம். ஸ்தாபகர் சாராயக்கடை வாசலில் முழங்காலிட்டு ஜெபித்தவர் என்று ஈப்பன் சாரே உருகியிருந்தார். சுலைஹா சட்டத்தை வைத்து அளவெடுத்தாள். கத்தரித்தபோது கிளாஸும் கம்பெனிப் பெயரும் வெளியே போயின. உள்ளே மிஞ்சிய கண்ணில் லேசான போதை. பக்தி என்று வைத்துக்கொண்டாலும் பொருந்தும்.

ஈப்பன் சார் படத்தை இரு கையாலும் வாங்கினார். உண்மையானதுதானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சுலைஹா ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பாள். கேட்காத ஆளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

விழா நாளில் ஹால் நிறைந்திருந்தது. வரிசையாகத் தலைவர்கள், நடுவே ரோஜா மாலையோடு பிராந்தித் துரை. திரை விலகியதும் கமிட்டியின் மூத்தவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் தாத்தா ஸ்தாபகரை நேரில் பார்த்தவராம். தாத்தா சொன்ன அதே மூக்காம், அதே சாந்தமாம். எல்லாரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் நின்ற சுலைஹா கன்னத்தை உள்ளிருந்து கடித்துக்கொண்டாள். இத்தனை படித்த தலைகளில் ஒன்றாவது சந்தேகப்படும் என்று பார்த்தாள். ஒன்றுமில்லை. முதலில் வந்த சிரிப்பு போய், பிறகு அருவருப்பாக இருந்தது.

விழா விருந்தாளிகளுக்கு அறை கொடுத்தவன் என்று ரமேஷ்பாபுவையும் அழைத்திருந்தார்கள். அவன் கேமராக்காரர் பக்கம் போய் நின்றுகொண்டான். மகா தேடிக்கொண்டு வந்து சுலைஹாவின் பக்கத்தில் நின்றாள். படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

“அக்கா, பெரியவரு எங்க வீட்டுலல்ல இருக்காரு. இவரு யாரு?”

“மிண்டாதே மகா, சத்தம் போடாதே” என்று சுலைஹா பல்லைக் கடித்தாள்.

“இவங்க யாருக்குமா தெரியல?”

 மகா இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, விளக்கேற்ற நேரமாச்சு என்று முணுமுணுத்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மேடையில் ஈப்பன் சார் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். ஸ்தாபகரை நினைத்து எல்லாரும் தலை வணங்குவோம் என்றார். ஹால் முழுக்கத் தலைகள் தாழ்ந்தன. சுலைஹா நிமிர்ந்தே நின்றாள். எந்தப் படத்துக்கும் தலை குனியாத வீட்டில் பிறந்தவள் அவள். ஈப்பன் சார் ஒரு கண்ணைத் திறந்தார். கூட்டத்துக்கு மேலாக அவளையே பார்த்தார். அவள் கடை ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகாமல் அவருக்கு முன்னால் மேஜையில் இருந்தது. ஜெபத்தை நிறுத்தாமல், புன்னகையோடு, காத்திருந்தார்.

சுலைஹா தலையைக் குனிந்தாள். அந்த ஹாலில் அது யார் என்று தெரிந்து வணங்கியது அவள் ஒருத்திதான்.