நான் மொழிபெயர்த்த பதில்

தலவாக்கலைக்குக் கொஞ்சம் தள்ளியுள்ள ஒரு சிறிய அரசாங்க வைத்தியசாலையில் நான் உத்தியோகத்தராக இருக்கிறேன். மனநோயோடு வாழும் வயதுவந்தவர்கள் பகலில் வந்து தங்கிப் போவதற்கென்று அதன் பின்பக்கத்தில் ஒரு கட்டடம் கட்டினார்கள். திறப்பு விழாவும் நடந்தது. ஆனால் அதற்கென்று தாதியோ வைத்தியரோ நியமிக்கப்படவில்லை. நாளடைவில் உடைந்த கட்டில்களை உள்ளே அடுக்கிப் பூட்டிவிட்டோம்.

அரசாங்கப் பணம் ஒழுங்காகச் செலவாகியிருக்கிறதா என்று பார்க்கும் பாராளுமன்றக் குழு ஒன்று அந்தக் கட்டடத்தைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. இரண்டே நாளில் கட்டில்களை அப்புறப்படுத்தினோம். பாய் விரித்தோம், கேரம் பலகை வாங்கி வைத்தோம். நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் சிலரைக் கூட்டிவரும் பொறுப்பு எனக்கு. "அதிகம் பேசாதவர்களாகப் பாருங்கள்" என்று பொறுப்பதிகாரி சிங்களத்தில் சொன்னார். நானும் அப்படியே பார்த்துப் பார்த்துப் பெயர் எழுதினேன்.

வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவை அப்படித்தான் சேர்த்தேன். அவருடைய மகனுக்குப் பல வருடங்களாக நோய். மாதாந்த கிளினிக்குக்காக நுவரெலியா போகும் பஸ்ஸில் இருவரையும் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா வாயே திறக்க மாட்டார்.

அதே பஸ்ஸில் நான் ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு அக்கா. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள் மனம் கலங்கித் திரும்பி வந்தாள். அவளையும் அந்தக் கிளினிக்குக்குத்தான் கூட்டிப் போவேன். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. கேட்டால் "இன்னும் அங்கதான் இருக்கா" என்பேன். காலையில் அவளை அறையில் விட்டு, சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்து, வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு வருவேன். குழு வந்த அன்றும் பூட்டிவிட்டுத்தான் வந்தேன்.

குழுவில் ஒருவர் அந்த அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டார், மகனுக்குத் தேவையான சிகிச்சை கிடைக்கிறதா என்று. மொழிபெயர்க்க நின்ற நான் அதைத் தமிழில் கேட்டேன். அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கிடைக்கலங்க. நுவரெலியாவுக்குக் கூட்டிட்டுப் போற அன்னைக்கு தோட்டத்துல எனக்குப் பேர் போட மாட்டாங்க, சம்பளம் போயிடும். போனா சில மாசம் மருந்து இல்லம்பாங்க. டொக்டர் என்னை வெளிய நிக்க வச்சுட்டு சிங்களத்துல கேட்பாரு, மகன் தலைய மட்டும் ஆட்டுவான். இந்தக் கட்டடத்துல நான் இன்னைக்குத்தான் மொத மொத உக்கார்றேன். நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போறப்ப அவன லயத்துக் காம்பராவுல வச்சுப் பூட்டிட்டுத்தான் போறேன். பெத்த புள்ளைய மாட்டக் கட்டுற மாதிரி."

பூட்டு என்ற சொல் வந்ததும் எனக்கு முகம் சுட்டது. என் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுபோல் இருந்தது. பொறுப்பதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிங்களத்தில் சொன்னேன்: "சிகிச்சை கிடைக்கிறது என்கிறார். தூரம்தான் கொஞ்சம் சிரமமாம்."

உறுப்பினர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு அந்த அம்மா வாசலில் நின்றிருந்தார்.

"மிஸ், எனக்குச் சிங்களம் தெரியும். சின்ன வயசுல கொழும்புல ஆறு வருஷம் வீட்டு வேலை செஞ்சேன்."

"அப்ப ஏன்மா அங்கயே சொல்லல?" என்றேன்.

"நீங்க நம்ம புள்ள. பலபேருக்கு முன்னால உங்கள எப்படிப் பொய்னு சொல்றது?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சில வாரங்களில் குழுவின் குறிப்பு வந்தது. நிலையம் இயங்குகிறது, பயனாளிகள் திருப்தி தெரிவித்தனர் என்றிருந்தது. அதைக் கோப்பில் போட வேண்டியவளும் நானே. போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லயத்தில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போனேன். மகன் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். அக்காவைப் பற்றி முதல்முறையாக இன்னொருவரிடம் சொன்னேன்.

"அது உங்க கஷ்டம் மிஸ். நான் சொன்னத நான் சொன்ன மாதிரியே எழுதி அனுப்புங்க" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து குழுவுக்குச் சிங்களத்தில் எழுதினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 'கவனிக்க ஆளில்லாததால் வீட்டில் வைத்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தேன். "பூட்டுறேன்னு போடுங்க" என்றார். மாற்றினேன். அன்று தவறாக மொழிபெயர்த்தது நான்தான் என்று கடைசியில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

கடிதம் சுற்றிச் சுற்றி எங்கள் வைத்தியசாலைக்கே விளக்கம் கேட்டு வந்தது. பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் என்ன சொன்னாலும், மொழிபெயர்த்தது உங்கள் வாய்தானே" என்றார்.

இப்போது வியாழக்கிழமைகளில் அந்தக் கட்டடத்தில் கிளினிக் நடக்கிறது. தமிழ் பேசும் தாதி ஒருவர் வருகிறார். என் கடிதத்தால்தானா என்று தெரியாது. அந்த அம்மா மகனோடு வந்துபோகிறார். அலுவலகத்துக்குத் தெரியாமல் அக்காவை நான் இன்னும் நுவரெலியாவுக்குத்தான் கூட்டிப் போகிறேன். வியாழன் காலையில் அந்த இருவரும் நடைபாதையில் வரும் நேரம் பார்த்து, ஏதாவது கோப்பு தேடுவதுபோல உள்ளறைக்குப் போய்விடுகிறேன்.